பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு: பழைய தமிழ்ப் பதிவுகளை முகவரி கெடாமல் மாற்றும் வழி

வலைப்பதிவை இடம் மாற்றுவது பற்றிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் எழுத்தை எப்படிக் கொண்டுபோவது என்றுதான் கேட்கிறார்கள். எழுத்து எளிதாகப் போய்விடும். முகவரி, தேதி, படம், பின்னூட்டம் இந்த நான்கும்தான் வழியில் உதிரும். இவை இல்லாமல் எழுத்து மட்டும் போய்ச் சேர்ந்தால் அதைப் பதிவு மாறியதாக நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

குமுளியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், மலையாளமும் தமிழும் கலந்த போர்டு என்று நாள் முழுக்க எழுத்தோடுதான் வேலை. என் தாய்மாமா 2009 முதல் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகரில் எழுதிவருகிறார். ஏலத்தோட்டத்துத் தமிழர்கள், கம்பம் கூடலூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி வேலைக்கு வரும் பெண்கள், காய் உலர்த்தும் ஸ்டோர்கள், 1956 இல் மாநில எல்லை பிரிந்தபோது இந்தப் பக்கமே தங்கிவிட்ட குடும்பங்கள் என்று வேறு எங்கும் கிடைக்காத விஷயங்கள் அதில் இருக்கின்றன. அதைச் சொந்த டொமைனில், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்த வேலையில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்ப் பதிவுகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு, ஆங்கில வழிகாட்டிகளில் அவை வருவதே இல்லை.

ஆரம்பத்தில் மாமா கேட்டார்: "எல்லாத்தையும் காப்பி பண்ணி அங்க ஒட்டிட்டா முடிஞ்சதுதானம்மா?"

"ஒட்டலாம் மாமா. ஆனா வண்டிப்பெரியாறுல ஒருத்தர் உங்க பதிவோட லிங்க்கைப் பத்து வருஷமா வச்சிருக்காருன்னு வைங்க, அவர் அழுத்தினா என்ன வரும்?"

அதற்குப் பிறகு அவர் அவசரப்படுத்தவில்லை.

எடுத்து வைப்பது

பிளாகரின் செட்டிங்ஸ் பக்கத்தில் பேக் அப் என்ற வசதி இருக்கிறது. கூகுள் டேக்அவுட் வழியாகவும் பிளாகரை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கலாம். கிடைக்கும் கோப்பின் பெயர் எக்ஸ்எம்எல் என்றோ ஆட்டம் (atom) என்றோ முடியும். பதிவுகள், தனிப் பக்கங்கள், பின்னூட்டங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். படங்கள் இருக்காது, படங்களின் முகவரி மட்டும்தான் இருக்கும். டேக்அவுட்டில் எடுத்தால் படங்களும் தனிக் கோப்புறையில் வரும் என்பதால் நான் அதையே விரும்புகிறேன். தீம் பக்கத்துக்குப் போய், வலைப்பூவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவையும் தனியாக இறக்கி வையுங்கள், கடைசியில் அதில் கை வைக்க வேண்டியிருக்கும்.

இறக்கியதை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எங்கள் மலையில் கரண்ட் எப்போது போகும், இணையம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பெரிய கோப்புகளை ஏற்றி இறக்கும் வேலையை மழைக்கு முன்பே முடிப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம்.

ஒரு பென் டிரைவில் மூலக்கோப்பு தொடப்படாமலே இருக்கட்டும். பழைய வலைப்பூவை அழிக்கவே கூடாது. அழித்தால் 90 நாளுக்குள் மீட்கலாம் என்று பிளாகர் சொல்கிறது. ஆனாலும் அந்த எல்லைவரை போக எந்தக் காரணமும் இல்லை.

புது இடத்தில் முதலில் செய்ய வேண்டியவை

பதிவுகளை ஏற்றும் முன் வேர்ட்பிரஸில் சில அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் செருகுநிரல்கள் தேவைப்படும் என்பதால் இலவச வேர்ட்பிரஸ் டாட் காம் கணக்கு இந்த வேலைக்கு உதவாது. சொந்த ஹோஸ்டிங்கில், அதாவது நாமே காசு கட்டி எடுத்த சர்வர் இடத்தில், நிறுவிய வேர்ட்பிரஸ் வேண்டும்.

நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பழைய பிளாகர் வலைப்பூக்கள் பலவற்றில் நேர மண்டலம் அமெரிக்காவின் பசிபிக் நேரமாகவே விடப்பட்டிருக்கிறது. நம் ஊரில் மே 1 ஆம் தேதி காலை 6 மணிக்கு ஏற்றிய பதிவு அங்கே ஏப்ரல் 30 சாயங்காலக் கணக்கில் போயிருக்கும், அதனால் அதன் முகவரியிலும் ஏப்ரல் மாதம்தான் இருக்கும். புது இடத்தில் தேதி சரியாக மே என்று வந்ததும் பழைய முகவரியும் புது முகவரியும் ஒரு மாதம் விலகிவிடும். மாதத்தின் முதல் நாள் காலையில் எழுதிய பதிவுகளைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் தேடி அலைய வேண்டாம்.

தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற தேர்வு ரீடிங் அமைப்பில் இருக்கிறது. வேலை முடியும்வரை அதை இயக்கி வையுங்கள். முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைச் சேமிக்கும் முறை. 2015 இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் யூடிஎஃப்8எம்பி4 என்ற குறியாக்கத்தைப் பயன்படுத்துகிறது. புதிதாக நிறுவினால் இதில் பிரச்சினை வராது. யாரோ எப்போதோ நிறுவிய பழைய தளத்துக்குள் ஏற்றுகிறீர்கள் என்றால் முதலில் ஒரே ஒரு தமிழ்ப் பதிவைப் போட்டுப் பாருங்கள். மேலே கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் உள்ளே தமிழ் பத்திரமாகத்தான் இருக்கும், படிக்கும் முறைதான் தவறு, அதைத் திருத்தலாம். எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாக வந்தால் சேமிக்கும்போதே தமிழ் போய்விட்டது என்று பொருள். அங்கே நிறுத்திவிட்டுக் குறியாக்கத்தை மாற்றி மறுபடி ஏற்றுவது ஒன்றுதான் வழி.

இவ்வளவும் ஆன பிறகு டூல்ஸ், இம்போர்ட், பிளாகர் என்று போய் இறக்குமதிக் கருவியை நிறுவி, கோப்பைக் கொடுத்து, எழுதியவர் யார் என்று தேர்ந்தெடுத்தால் பதிவுகள் வந்து இறங்கும். கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மறுத்தால் சர்வரின் பதிவேற்ற வரம்புதான் காரணம். பிஎச்பியின் இயல்பான வரம்பு 2 எம்பி. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

முகவரி

தமிழ்ப் பதிவர்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் பிளாகர் அதிலிருந்தே முகவரியை உண்டாக்கும். தமிழ் எழுத்துகளை அது விட்டுவிடும். ஆகவே முழுத் தமிழ்த் தலைப்புக்கு "பிளாக்-போஸ்ட்" என்று பொதுவான ஒரு பெயர்தான் கிடைக்கும். அதே மாதத்தில் இன்னொரு பதிவு எழுதினால் "பிளாக்-போஸ்ட்_23" என்பது போல ஓர் எண் சேரும். தலைப்பில் 2012 என்று இருந்தால் அந்த எண் மட்டுமே முகவரியாக நிற்கும். மாமாவின் வலைப்பூவைத் திறந்து பாருங்கள், ஏலக்காய் விலையானாலும் கண்ணகி கோயிலானாலும் எல்லாம் பிளாக்-போஸ்ட்தான்.

பிளாகருக்கு இது பிரச்சினையே இல்லை. முகவரியின் முன்னால் ஆண்டும் மாதமும் இருப்பதால் மார்ச்சில் ஒரு பிளாக்-போஸ்ட், ஏப்ரலில் ஒரு பிளாக்-போஸ்ட் என்று எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். வேர்ட்பிரஸ் அப்படி விடாது. மாதம் வேறாக இருந்தாலும் தளம் முழுவதிலும் ஒரு பெயர் ஒரு பதிவுக்குத்தான். இரண்டாவதாக வருவதற்குப் பின்னால் 2, அடுத்ததற்கு 3 என்று எண் ஒட்டிவிடும். ஆங்கில வழிகாட்டிகள், பதிவுகளின் முகவரி வடிவத்தை முடிவு செய்யும் பெர்மாலிங்க் அமைப்பில் ஆண்டு, மாதம், பெயர், எச்டிஎம்எல் என்று வரிசை வைத்தால் போதும், பழைய முகவரியும் புது முகவரியும் ஒன்றாகிவிடும் என்று சொல்லும். அந்த வரிசையை வையுங்கள், நல்லதுதான். ஆனால் நம் பதிவுகளில் பெரும்பகுதிக்கு அது மட்டும் போதாது.

போதுமானது ஒரு முகவரிப் பட்டியல். இரண்டு நெடுவரிசைகள் உள்ள ஓர் எக்செல் தாளில் இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புது முகவரி. பழைய முகவரியை நீங்கள் கையால் தேட வேண்டியதில்லை. பிளாகர் இறக்குமதிக் கருவி ஒவ்வொரு பதிவுக்கும் "பிளாகர் பெர்மாலிங்க்" என்ற தனிப்புலத்தில் அதைச் சேமித்து வைக்கிறது. தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் சொன்னால் தரவுத்தளத்திலிருந்து அந்தப் பட்டியலை எடுத்துத் தருவார். அதை சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, ரீடைரக்ஷன் என்ற இலவசச் செருகுநிரலில் ஏற்றினால் பழைய முகவரிக்கு வருபவர்களை அது புது முகவரிக்கு 301 குறியீட்டோடு அனுப்பிவிடும். நிரந்தரமாக இடம் மாறியாயிற்று என்று தேடுபொறிக்குச் சொல்வது அந்த 301 தான்.

புது முகவரியை எப்படி வைப்பது? தமிழ்த் தலைப்பை அப்படியே விட்டால் வேர்ட்பிரஸ் தமிழிலேயே முகவரி உண்டாக்கும். ஆனால் அதற்கு 200 இடம்தான் எல்லை. குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு எழுத்துக் குறியும் 9 இடத்தைப் பிடிக்கும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். "மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரைப் பௌர்ணமி" என்று மாமாவின் ஒரு பதிவு. அந்த மலைக்கோயில் ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமி அன்று மட்டும்தான் பக்தர்களுக்குத் திறக்கும், அதனால் அந்தச் சமயத்தில் இந்தப் பதிவைத் தேடி நிறையப் பேர் வருவார்கள். முகவரிக்கு அந்தத் தலைப்பில் எவ்வளவு போகும் என்று எண்ணிப் பார்த்தேன். "மங்கலதேவி-கண்ணகி-கோயிலில" என்பதோடு 200 இடமும் தீர்ந்துவிடுகிறது. கடைசி ல் எழுத்தின் புள்ளிக்குக்கூட இடமில்லை. இதை வாட்ஸாப்பில் அனுப்பினால் பல நேரம் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கைந்து வரிக்கு நீண்டு போகும், யாரும் தொடத் தயங்குவார்கள். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் முகவரி வையுங்கள் என்பதே என் கருத்து. பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் அதிகம் படிக்கப்படுபவற்றுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு, மற்றவற்றை எண்ணோடு விட்டுவிடலாம், பட்டியல் சரியாக இருந்தால் போதும்.

உள்ளே இருக்கும் சுட்டிகளையும் பாருங்கள். "போன பதிவில் சொன்னேன்" என்று பழைய பதிவுக்குச் சுட்டி கொடுத்திருப்போம். 2012 வாக்கில் இந்திய வாசகர்களை பிளாக்ஸ்பாட் டாட் இன் முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த நாட்களில் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டிய சுட்டிகளெல்லாம் டாட் இன் என்றே இருக்கும். 2020 இல் அந்த டொமைன் கூகுளின் கையை விட்டுப் போய்விட்டது. அந்தச் சுட்டிகளை வாசகர் அழுத்தினால் நமக்குச் சம்பந்தமில்லாத இடத்துக்குப் போகலாம். பெட்டர் சர்ச் ரிப்ளேஸ் என்ற செருகுநிரலில் டாட் இன், டாட் காம் இரண்டையும் தேடிப் புது டொமைனுக்கு மாற்றுங்கள். எத்தனை இடத்தில் மாறும் என்று முன்கூட்டியே காட்டும் சோதனை ஓட்டம் அதில் உண்டு. அதைப் பார்த்த பிறகு, தரவுத்தளத்தை ஒரு நகல் எடுத்துவிட்டு, உண்மையாக மாற்றுங்கள்.

எழுத்து

யூனிகோடில் எழுதியது அப்படியே வந்துவிடும் என்று சொல்வார்கள். கண்ணுக்கு வந்துவிடும், தேடலுக்கு வராது.

"கொ" என்பதைப் பழைய தட்டச்சு மென்பொருள்கள் சில ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகச் சேமித்தன. இப்போது அது ஒரே குறி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், தேடல் பெட்டியில் "கொழுந்து" என்று தட்டினால் பழைய பதிவு கிடைக்காமல் போகும். இதைத் தளம் முழுக்க ஒரேயடியாக மாற்றலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஜோடியைத் தேடி ஒரே குறியை வைப்பதால் எந்தச் சொல்லும் கெடாது. இரட்டைக் கொம்புக்கும் அப்படியே.

ஔகார விஷயம் வேறு. "பௌர்ணமி" என்பதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ள எழுத்தும் போட்டு "பெளர்ணமி" என்று எழுதியவர்கள் ஏராளம். இங்கே மொத்தமாக மாற்றப் போய்விடாதீர்கள். வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாவற்றிலும் அதே ஜோடி இருக்கிறது, எல்லாம் நாசமாகிவிடும். பெளர்ணமி, கெளரவம், மெளனம் என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுவதே பாதுகாப்பு.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கங்களையும் இந்தச் சாக்கில் சேர்க்க நினைத்தால், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பிப் போகும், ஏனென்றால் பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. மாற்றிய பிறகு ஒருமுறை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும், வேறு வழி இல்லை.

வேர்டிலிருந்து ஒட்டிய பதிவுகளில் லதா எழுத்துரு, அளவு, நிறம் என்று தேவையில்லாத கட்டளைகள் ஒட்டிக்கொண்டு வரும். புது தளத்தில் ஒரு பத்தி பெரிதாகவும் ஒரு பத்தி சிறிதாகவும் தெரிந்தால் காரணம் இதுதான். எடிட்டரில் வடிவமைப்பை நீக்கும் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும்.

படங்கள்

இறக்குமதி முடிந்ததும் பதிவில் படம் தெரியும். தெரிகிறதே என்று நிம்மதியடைந்துவிட வேண்டாம். படத்தின் மேல் வலது கிளிக் செய்து அதன் முகவரியைப் பாருங்கள். அதில் பிளாக்ஸ்பாட் என்றோ கூகுள்யூசர்கன்டென்ட் என்றோ இருந்தால் படம் இன்னும் பழைய இடத்திலிருந்துதான் வருகிறது. அந்தக் கூகுள் கணக்கு போனால் படமும் போய்விடும். அதனால் படங்களை உங்கள் தளத்துக்கே இழுத்துவரும் செருகுநிரல் ஒன்றை ஓட்ட வேண்டும்.

அதே முகவரிக்குள் எஸ்320, எஸ்640 என்று ஒரு துண்டு இருக்கும், படத்தின் அளவு அதுதான். பதிவில் இருப்பது சுருக்கிய பிரதி. அந்த இடத்தில் எஸ்1600 என்று மாற்றினால் பெரிய படம் வரும், எஸ்0 என்று மாற்றினால் ஏற்றியபோது இருந்த முழு அளவே வரும். படங்களை இழுத்துவரும் செருகுநிரலை ஓட்டும் முன்பே, தேடி மாற்றும் கருவியால் எஸ்320 ஐ எஸ்1600 ஆக்கிவிட்டால் பெரிய பிரதிகள் உங்கள் தளத்துக்கு வந்து சேரும். மாமாவிடம் ஸ்டோர் ஒன்றின் உட்புறப் படம் இருக்கிறது. வலைப்பூவில் அது தீப்பெட்டி அளவில்தான் தெரிந்தது. முழு அளவில் இறக்கியபோது தட்டு வரிசைகளும், காயைப் புரட்டும் பெண்களின் முகங்களும், சுவரில் சாக்பீஸால் எழுதிய எடைக் கணக்கும்கூடத் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. சின்னப் பிரதியோடு திருப்திப்பட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

படத்துக்குக் கீழே விளக்கம் எழுதியிருந்தால் பிளாகர் அதை ஒரு அட்டவணைக்குள் வைத்திருக்கும். போனில் அது ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரியும். முக்கியமான பதிவுகளில் மட்டும் கையால் திருத்தினால் போதும்.

பின்னூட்டங்கள் இறக்குமதியில் தாமாகவே வந்துவிடும், பெயரும் தேதியும் சரியா என்று பார்த்தால் போதும். கூகுள் பிளஸ் வழியாக இடப்பட்டவை 2019 இல் அந்தச் சேவை மூடப்பட்டபோதே போய்விட்டன. பின்னூட்டங்களை வேண்டாம் என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். மாமாவின் பல பதிவுகளில் எஸ்டேட் பெயரும் கங்காணி பெயரும் திருத்தப்பட்டிருப்பது பின்னூட்டத்தில்தான்.

பழைய வீட்டு வாசலில் பலகை

சொந்த டொமைனைத்தான் பிளாகரிலும் பயன்படுத்தினீர்கள் என்றால் அந்த டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் அமைப்பைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றினால் போதும், மீதியை முகவரிப் பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

பிளாக்ஸ்பாட் முகவரி என்றால் அங்கே 301 வைக்க நமக்கு வசதி இல்லை. பிளாகரின் செட்டிங்ஸில் இருக்கும் திருப்புதல் வசதி அதே வலைப்பூவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் வார்ப்புருவின் தலைப்பகுதியில் இரண்டைச் சேர்க்க வேண்டும். ஒன்று, உண்மையான முகவரி இதுதான் என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிக்கல் வரி. இன்னொன்று, வந்தவரை உடனே புது டொமைனின் அதே பாதைக்கு அனுப்பும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட். டொமைனுக்குப் பின்னால் இருக்கும் பாதையை மட்டும் எடுக்கும்படி அதை எழுதச் சொல்லுங்கள். போனில் திறந்தால் பிளாகர் முகவரியின் கடைசியில் கேள்விக்குறியோடு எம்=1 என்று ஒன்றைச் சேர்க்கும், அது கூடவே போனால் பட்டியலில் பொருந்தாமல் போகலாம். பழைய பாதையோடு வருபவரை புது தளத்தில் ரீடைரக்ஷன் பட்டியல் சரியான பதிவில் சேர்த்துவிடும்.

இயக்கிய பிறகு போனிலும் கணினியிலும் சோதியுங்கள். மாதத்தின் முதல் பதிவுகள், தலைப்பில் எண் உள்ளவை, மாதம் விலகியவை என்று மூன்று வகையிலும் சிலவற்றை எடுத்துப் பழைய முகவரியைத் தட்டிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் தேடுபொறி வர வேண்டாம் என்ற தேர்வை எடுத்துவிட்டு, கூகுளின் சர்ச் கன்சோலில் புது தளத்தின் சைட்மேப்பை, அதாவது பக்கங்களின் பட்டியலை, கொடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் முக்கியமான பதிவுகளைச் சேமித்து வைக்கலாம், அதற்குக் காசில்லை.

திருப்புதலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுக்கவே வேண்டாம் என்பேன். அதற்காகப் பழைய கூகுள் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் கொள்கையை 2023 இல் அறிவித்திருக்கிறார்கள், ஆகவே எப்போதாவது அதில் உள்நுழைந்துகொண்டே இருங்கள். டொமைன் புதுப்பிக்கும் தேதி, ஹோஸ்டிங் கணக்கு, அந்தக் கூகுள் கணக்கின் கடவுச்சொல், மீட்புக்குக் கொடுத்த போன் நம்பர் நான்கையும் ஒரு தாளில் எழுதி, எழுதுபவரைத் தவிர வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். மாமா அத்தையிடம் கொடுத்திருக்கிறார், ரேஷன் கார்டு வைக்கும் பையில் இருக்கிறது.